கார்ட்டூனுக்கு நடுவே பாட்டு எதற்கு? ‘பாப்’ சேனலின் மணிக்கணக்கு

கேள்வி இது: பிரிட்டனில் ‘பாப்’ என்றொரு குழந்தைகள் சேனல். ஆரம்ப வருடங்களில் கார்ட்டூனும் பாப் பாட்டு வீடியோவும் மாறி மாறி வரும். குழந்தைகள் கேட்டுத்தான் பாட்டுப் போட்டார்களா? இப்படி ஒரு சேனலை உள்ளே எப்படி ஓட்டுகிறார்கள்? இன்றைக்கு அதே மாதிரி ஒன்றை நடத்த முடியுமா?

குழந்தைகளுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாட்டு அங்கே வந்து உட்கார்ந்ததற்கு முதல் காரணம் கடிகாரம். ஒரு மணி நேரத்தை நிரப்பும் கணக்கில் மிஞ்சுகிற ஏழெட்டு நிமிடத்தை இட்டு நிரப்ப அதைவிட மலிவான, வளைந்து கொடுக்கிற சரக்கு கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் சேனலின் வம்சாவளி. 1986-இல் சேனல் 4-இல் தொடங்கி, பிறகு ஐ.டி.வி.க்குப் போய் 1998 வரை ஓடியது ‘சார்ட் ஷோ’ என்ற நிகழ்ச்சி. தொகுப்பாளர் என்று யாரும் கிடையாது. வீடியோ ரெக்கார்டரின் திரை எழுத்துகள் மாதிரியான கிராஃபிக்ஸ் வரும், பாட்டு வரும், அவ்வளவுதான். அந்தப் பெயரிலேயே 2002-இல் ஒரு பாட்டுச் சேனல் தொடங்கினார்கள். அந்த நிறுவனம்தான் 2003-இல் குழந்தைகளுக்காக ‘டூன்ஸ் அண்ட் டியூன்ஸ்’ என்ற சேனலை ஆரம்பித்தது. கார்ட்டூனும் பாட்டும் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அதுதான் பிறகு ‘பாப்’ ஆனது. 2004-இல் சின்னஞ்சிறுசுகளுக்கு ‘டைனி பாப்’, 2008-இல் ‘கிக்ஸ்’ வந்தன. 2014-இல் சோனி மொத்தத்தையும் வாங்கியது, 2021-இல் நேரடிவ் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: பாட்டு வீடியோக்களும், இசை நிறுவனங்களின் தொடர்பும், உரிமக் கணக்கை எழுதத் தெரிந்த ஆட்களும் அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தார்கள். கார்ட்டூன்தான் வெளியிலிருந்து வாங்க வேண்டிய சரக்கு.

இனி கணக்கு. அமெரிக்க அரைமணி கார்ட்டூன் என்பது உண்மையில் 22 நிமிடம். மீதி 8 நிமிடம் அங்கே விளம்பரத்துக்குப் போகும். அதே கார்ட்டூன் ஐரோப்பாவுக்கு வரும்போது இன்னும் சுருங்கும். படம் நொடிக்கு 24 ஃபிரேமில் செய்யப்பட்டது, ஐரோப்பிய ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃபிரேம். பெரும்பாலும் செய்வது என்னவென்றால், அப்படியே 25-இல் ஓட்டிவிடுவது. 22 நிமிடம் 21 நிமிடம் 7 நொடியாகிவிடும். இரண்டு எபிசோட் போட்டால் 42 நிமிடம் 14 நொடி. மணி நேரத்தில் மீதி 17 நிமிடம் 46 நொடி.

இந்த மீதியை முழுக்க விளம்பரமாக விற்க முடியாது. பிரிட்டன் விதிப்படி இந்த மாதிரிச் சேனலுக்கு நாள் சராசரியாக மணிக்கு 9 நிமிட விளம்பரம்தான். டெலிஷாப்பிங் சேர்த்தால் சராசரி 12 வரை போகலாம், எந்த ஒரு மணி நேரத்திலும் 12-ஐத் தாண்டக் கூடாது. 9 நிமிடமும் விற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 8 நிமிடம் 46 நொடி. சேனலின் சொந்த முன்னோட்டங்கள் 2 நிமிடம். அப்புறமும் 6 நிமிடம் 46 நொடி கையில் நிற்கிறது. 3 நிமிடம் 20 நொடியில் இரண்டு பாட்டு, 6 நொடியில் ஒரு சேனல் முத்திரை. மணி சரியாக நிறைந்துவிட்டது. பாப் பாட்டின் நீளமும் கார்ட்டூனின் மிச்சமும் இப்படிப் பொருந்துவது தற்செயல்தான், ஆனால் அட்டவணை போடுகிறவருக்கு அது வரப்பிரசாதம்.

புதுச் சேனலுக்கு 9 நிமிடமும் விற்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காலை 10 மணிக்குப் பிள்ளைகள் பள்ளியில். அந்த மணியில் 3 நிமிட விளம்பரம் விற்றாலே பெரிது. இன்னும் 6 நிமிடம் காலி. அங்கே 11 நிமிடக் குட்டிக் கார்ட்டூன் ஒன்றைப் போடலாமே என்றால், ஒவ்வொரு ஒளிபரப்பும் உரிம ஒப்பந்தத்தில் ஒரு ‘ரன்’ கழியும். மூன்று வருடத்துக்கு இத்தனை ரன் என்றுதான் வாங்குகிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் ரன்னைச் செலவழித்தால் மாலையில் போட எதுவும் இருக்காது. பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை, நாளைக்கு ஐந்து முறை போட்டாலும் இசை நிறுவனத்துக்கு அது விளம்பரம், சந்தோஷம்தான்.

இங்கே இன்னொரு விதியும் வந்து சேர்கிறது. பலர் கவனிக்காதது, என் பார்வையில் இதுதான் ‘பாப்’ மாதிரிச் சேனலின் முகத்தையே தீர்மானித்தது. ஐரோப்பிய விதிப்படி, அட்டவணையில் 30 நிமிடமோ அதற்குக் குறைவோ இருக்கிற குழந்தைகள் நிகழ்ச்சியை விளம்பரத்துக்காக நடுவில் வெட்டக் கூடாது. அமெரிக்க எபிசோடோ விளம்பர இடைவேளைக்காகவே எழுதப்பட்டது. ஏழாவது நிமிடத்தில் கதாநாயகன் பாறை விளிம்பில் தொங்குவான், திரை இருண்டுவிடும். பிரிட்டனில் திரை இருண்ட அடுத்த நொடியே மறுபடி வெளிச்சம் வந்துவிடும், அவன் அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பான். அந்த ஒரு நொடி இருட்டு எதற்கு என்று பார்க்கிற பிள்ளைக்குப் புரியாது. எடிட்டிங் தவறு என்று பெரியவர்களே நினைப்பதுண்டு. விளம்பரம் எல்லாம் இரண்டு எபிசோடுக்கு இடையே கொத்தாக விழ வேண்டியிருந்தது. நான்கு நிமிட விளம்பரக் கொத்து வந்தால் ஏழு வயசுப் பிள்ளை ரிமோட்டை எடுத்துவிடும். அந்தக் கொத்துக்கு அப்பால் ஒரு பாட்டு இருந்தால், எழுந்து போன பிள்ளை திரும்பி வருவதற்கு மூன்று நிமிட அவகாசம் கிடைக்கிறது. கார்ட்டூனின் தொடக்கமும் தப்பாது. அதனால் கார்ட்டூன், முன்னோட்டம், விளம்பரம், பாட்டு, அடுத்த கார்ட்டூன் என்ற வரிசை நன்றாக வேலை செய்யும். கார்ட்டூன் முடிந்த கையோடு பாட்டைப் போட்டு அதன் பிறகு விளம்பரம் வைத்தால் பிள்ளை இரண்டு முறை எழுந்து போகும்.

பாட்டின் அடுத்த பெருமை, அது ரப்பர். கார்ட்டூனின் கடைசி நிமிடத்தை வெட்டினால் வீடு இரண்டாகிவிடும். பாட்டின் கடைசி முப்பது நொடி பெரும்பாலும் பல்லவியே திரும்பத் திரும்ப வருவது. இரண்டு நொடியில் மெல்ல மங்கவிட்டால் யாருக்கும் உறுத்தாது. எனவே மணி முடிகிற 56-ஆவது நிமிடத்தில் ஒரு பாட்டை நிறுத்தி வைத்தால், அந்த மணியில் சேர்ந்த நொடிப் பிசகு எல்லாம் அங்கே கரைந்துவிடும். அடுத்த கார்ட்டூன் மிகச்சரியாக மணிக்குத் தொடங்கும். இது அழகுக்காக இல்லை. 2001-இலேயே ஸ்கை பிளஸ் ரெக்கார்டர் வந்துவிட்டது. நிகழ்ச்சி 20 நொடி முன்னதாகத் தொடங்கினால் பதிவில் தலைப்புப் பாட்டு காணாமல் போகும், புகார் வரும். தாமதமாகத் தொடங்குவது சிறு குற்றம், முன்னதாகத் தொடங்குவது பெருங்குற்றம். இதற்காகவே ஒவ்வொரு பாட்டுக்கும் முழு நீளம் ஒன்று, இரண்டாவது பல்லவியோடு முடிகிற 2 நிமிடம் 40 நொடி வடிவம் ஒன்று, அவசரத்துக்கு 1 நிமிடம் 50 நொடி வடிவம் ஒன்று என்று மூன்று கோப்பு தயாராக வைத்திருப்பது நல்லது. நடுவில் வெட்டுவதற்கு இசை நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். முடிவில் மங்கவிடுவதற்குப் பொதுவாக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

எந்தப் பாட்டை எடுப்பது? தரவரிசையில் முதல் நாற்பதில் இருப்பதால் மட்டும் எடுத்துவிட முடியாது. ஒரு வீடியோவை இரண்டு தடவை சோதிக்க வேண்டும்: ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டு, ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு. சேர்த்துப் பார்த்தால் தாளத்தில் மயங்கி ஏதாவது ஒன்று தப்பிவிடும். ஒலியில் கெட்ட வார்த்தையை மௌனமாக்கிய வானொலி வடிவம் கேட்டாலே இசை நிறுவனம் கொடுத்துவிடும், பிரச்சினை அனேகமாகப் படத்தில்தான். புகை பிடிப்பது, மது, ஓடுகிற காரின் கூரையில் நின்று ஆடுவது. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். குழந்தை பார்த்துச் செய்து பார்க்கக் கூடிய ஆபத்து என்று பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமின் விதியில் தனியாகவே இருக்கிறது. பெரியவர்களுக்கான காட்சிகள் தொடங்கலாம் என்கிற இரவு 9 மணி எல்லைக்கு முன்பு மற்றச் சேனலுக்குச் சரி என்பதெல்லாம் குழந்தைகள் சேனலுக்குச் சரியாகிவிடாது. 2011 பிப்ரவரிக்குப் பிறகு இன்னொரு தலைவலி சேர்ந்தது. பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளில் காசு வாங்கிக்கொண்டு பொருளைக் காட்டுவதை அந்த மாதம் அனுமதித்தார்கள், ஆனால் குழந்தைகள் நிகழ்ச்சியில் தடை நீடித்தது. பாட்டு வீடியோவில் பாடகி கையிலுள்ள செல்போனின் முத்திரை மூன்று நொடி முழுத்திரையில் நின்றால் அது பணம் கொடுத்த காட்சியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போடக் கூடாது.

உரிமத்தில் பாட்டு ஒன்று என்றாலும் பணப்பை பல. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிமத்தொகை வசூலிப்பது பி.ஆர்.எஸ். அமைப்பு. பதிவான ஒலிக்கு பி.பி.எல். வீடியோவுக்கு அதன் உடன்பிறப்பான வி.பி.எல். ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் பாட்டின் பெயர், எழுதியவர், வெளியீட்டாளர், எத்தனை நொடி ஓடியது என்று பட்டியல் எழுதி அனுப்ப வேண்டும். வேடிக்கை என்னவென்றால், பாட்டு வீடியோவுக்கு இதை ஒழுங்காகச் செய்கிற சேனல்கள் கார்ட்டூனில் கோட்டை விடுவார்கள். கார்ட்டூனின் பின்னணி இசைக்கும் இதே பட்டியல் உண்டு. தயாரிப்பாளர் அதை எபிசோடோடு அனுப்பவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் 21 நிமிடத்தில் 18 நிமிடம் இசை போட்ட மனிதருக்கு ஒரு பைசா போகாது.

கார்ட்டூன் வாங்கும் கணக்குக்கு வருவோம். தொடர்கள் 26, 52, 65 என்ற எண்களில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். 65 என்பது வாரத்துக்கு 5 நாள் வீதம் 13 வாரம், அதாவது கால் வருடம். அமெரிக்க உள்ளூர் நிலையங்களுக்கு விற்பதற்காக வந்த எண் அது. 26 எபிசோட் மட்டும் கையில் இருந்தால் வார நாட்களில் தினம் ஒன்று போட்டு ஐந்து வாரத்தில் அனேகமாகத் தீர்ந்துவிடும். ஆறாவது வாரம் திங்கள்கிழமை கடைசி எபிசோட், செவ்வாய் மறுபடி முதல் எபிசோட். சின்னப் பிள்ளைகளுக்கு இது பிரச்சினையே இல்லை, தெரிந்த கதையை அவர்கள் விரும்பிப் பார்ப்பார்கள். எட்டு வயசுக்கு மேல்தான் ‘இது போட்டதுதானே’ என்ற முகச்சுளிப்பு வரும். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய வரி, ‘ஒரு ரன்’ என்றால் என்ன என்பது. 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை போட்டாலும் ஒரே ரன் என்று எழுதியிருந்தால் காலை, மாலை, மறுநாள் விடிகாலை மூன்றையும் ஒரே கணக்கில் முடித்துவிடலாம். அந்த வரி இல்லாவிட்டால் சரக்கு மூன்று மடங்கு வேகத்தில் காலியாகும்.

நாளை எப்படிப் பிரிப்பது? காலை 6 முதல் 9, மாலை மூன்றரை முதல் 7, வார இறுதியில் நண்பகல் வரை. இவைதான் விளைச்சல் நேரம். பள்ளி நேரத்தில் வீட்டில் இருப்பது நான்கு வயசுக்கு உட்பட்டவர்கள். அவர்களுக்கு வேறு நிகழ்ச்சி வேண்டும், அதே சேனலில் போட்டால் மாலையில் வருகிற அண்ணன்மார் ‘இது பாப்பா சேனல்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். டைனி பாப் மாதிரி ஒரு தங்கைச் சேனல் பிறப்பதில் இந்தத் தர்க்கம் இருக்கிறது. இதில் ஒரு விநோதம்: பார்வையாளர் எண்ணிக்கை எடுக்கும் பார்ப் அமைப்பு நான்கு வயசுக்கு மேல்தான் எண்ணும். மழலையர் சேனலைப் பார்க்கிற பலர் கணக்கிலேயே வரமாட்டார்கள். அதனால்தான் அந்த நேரத்து விளம்பரத்தை ‘குழந்தை உள்ள இல்லத்தரசி’ என்ற பிரிவில் விற்பார்கள். அன்றைய பார்ப் மாதிரி சுமார் 5,100 வீடு. சின்னச் சேனலுக்கு அதில் ஒரு சில வீடுகள்தான் விழும். ஒரு குடும்பம் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் செவ்வாய்க்கிழமை மதிப்பீடு பூஜ்யம். அதைப் பார்த்துப் பதறி அட்டவணையை மாற்றுவது கற்றுக்குட்டி வேலை. நான்கு வாரச் சராசரி இல்லாமல் எதையும் தொடக் கூடாது.

விளம்பர விதிகளில் இரண்டு மட்டும் சொல்கிறேன், நடைமுறையில் அடிக்கடி காலை வாருபவை. ஒரு கார்ட்டூனின் பொம்மையை அந்தக் கார்ட்டூன் ஓடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. நாள் முழுக்க ஒரே தொடரை நான்கு இடத்தில் தூவி வைத்த சேனலில் அந்தப் பொம்மைக்கு இடமே இருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று மாதம்தான் பொம்மை விளம்பரத்தின் அறுவடைக் காலம். அந்த மாதங்களில் தொடரை எங்கே வைப்பது என்பதை அட்டவணைக்காரரும் விளம்பரம் விற்பவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யாவிட்டால் பணம் போகும். இரண்டாவது, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்ட விளம்பரம். 2007 ஏப்ரலிலிருந்து படிப்படியாகத் தடுத்தார்கள், 2008 முடிவோடு குழந்தைகள் சேனல்களில் அறவே நின்றது. அப்படி ஒரு வருமானம் நின்றால் அந்த நிமிடங்களில் வேறு ஏதாவது ஓட வேண்டும், முன்னோட்டமோ பாட்டோ.

இனி ஒளிபரப்பு அறை. கார்ட்டூனையும் பாட்டையும் ஒரே வரிசையில் கோத்தால் வருகிற கோளாறுகள் தனி ரகம்.

முதல் கோளாறு ஒலியளவு. கார்ட்டூன் வசனம், இசை, மௌனம் என்று ஏறி இறங்கும். பாப் பாட்டோ முழுக்க நசுக்கி ஒரே உச்சத்தில் மாஸ்டர் செய்யப்பட்டது. இரண்டின் உச்சத்தையும் மீட்டரில் சமமாக வைத்தால் பாட்டு வரும்போது அம்மா சமையலறையிலிருந்து ஓடி வருவார். 2010-இல் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் ஆர் 128 என்ற பரிந்துரையை வெளியிட்டது. உச்சத்தை விட்டுவிட்டு, காது உணர்கிற சராசரி சத்தத்தை அளந்து மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (உணரும் சத்தத்தின் அலகு) என்ற இடத்தில் எல்லாவற்றையும் வைக்கச் சொன்னது. பாட்டு மாஸ்டர் மைனஸ் 9 என்ற அளவில் வரும். 14 டெசிபல் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு பாட்டு நோஞ்சானாகத் தெரியும், ‘பஞ்ச்’ போய்விட்டது என்பார்கள். அதற்காக இரண்டு டெசிபல் ஏற்றிவைக்கிற ஆசையை அடக்க வேண்டும். அது பாட்டின் குறை, நசுக்கியதால் வந்தது, ஏற்றினால் போகாது.

இரண்டாவது சுருதி. 24-ஐ 25-இல் ஓட்டினோம் அல்லவா, கார்ட்டூனின் தலைப்புப் பாட்டு அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறி ஒலிக்கும். சாதாரணமாக யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்தத் தலைப்புப் பாட்டையே பாடகர் குழு தனி வீடியோவாக வெளியிட்டு, சேனல் அதைக் கார்ட்டூனுக்கு முன்னால் போட்டால் இரண்டும் இரண்டு சுருதியில் வரும், கேட்கக் கர்ணகொடூரம். சுருதியை மட்டும் இறக்குகிற கருவி உண்டு, எபிசோடை உள்ளே ஏற்றும்போதே செய்துவிட வேண்டும்.

மூன்றாவது படச்சட்டம். பழைய கார்ட்டூனில் அகலமும் உயரமும் 4-க்கு 3. அகலத்திரை பாட்டு வீடியோவை 4-க்கு 3 கோப்பில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்துக் கொடுத்திருப்பார்கள். அதை அகலத்திரைச் சேனலில் பக்கவாட்டுப் பட்டையோடு போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை மாதிரிப் படம். கோப்போடு வரும் பட வடிவக் குறியீடு தவறாக இருந்தால் இன்னும் மோசம், கார்ட்டூன் பாத்திரங்கள் எல்லாம் குண்டாகிவிடும். கார்ட்டூனில் குண்டானது தெரியாது என்று விட்டுவிடுகிறார்கள். வட்டமான நிலாவோ சக்கரமோ வரும் காட்சியில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது ஒலித்தடம். கார்ட்டூன் கோப்பில் 1, 2 தடங்களில் முழு ஒலியும், 3, 4-இல் வசனம் இல்லாத இசையும் சத்தமும் வருவது வழக்கம். பிந்தையது டப்பிங்குக்காக. தவறிப்போய் 3, 4 திறந்துவிட்டால் பூனை எலியைத் துரத்துகிற படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பேசுகிற படத்தில்தான் அகப்படும். ஆகவே சரிபார்க்கிறவர் முதல் நிமிடத்தைப் பார்த்தால் போதாது, வசனம் வரும் இடத்தை மூன்று இடத்திலாவது தொட்டுப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒளிமின்னல். 1997 டிசம்பர் 16 அன்று டிவி டோக்கியோவில் போக்கிமான் தொடரின் ஒரு எபிசோடில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை என்ற வேகத்தில் சில நொடி மின்னின. சுமார் 685 குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், தொடர் நான்கு மாதம் நின்றது. பிரிட்டனில் அதற்கு முன்பே, 1993-இல் ஒரு விளம்பரத்தால் வலிப்பு வந்த பிறகு, விதி இருந்தது: திரையில் கால் பங்குக்கு மேல், ஒரு நொடியில் மூன்றுக்கு மேல் மின்னல் கூடாது. அடர்சிவப்புக்குத் தனிக் கட்டுப்பாடு. இதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஹார்டிங் சோதனை என்ற மென்பொருள் ஃபிரேம் ஃபிரேமாக அளந்து தேர்ச்சி, தோல்வி சொல்லும்.

கார்ட்டூன்தான் தோற்கும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். உண்மையில் பாட்டு வீடியோதான் அதிகம் தோற்கும், காரணம் தாளம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அடிக்கு இரண்டு வெட்டு வைத்தால் நொடிக்கு 4 மாற்றம். வெளிச்சம் ஏறி இறங்குவது சேர்ந்துதான் ஒரு மின்னல், ஆக இது 2 மின்னல், தேறிவிடும். அடிக்கு நான்கு வெட்டு வைத்தால் நொடிக்கு 8 மாற்றம், 4 மின்னல், தோல்வி. மேடையில் பளிச் பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கு எரிந்தால் கேட்கவே வேண்டாம். தோற்ற இடத்தைச் சரிசெய்ய மூன்று வழி: அந்தப் பகுதியின் வெளிச்ச வித்தியாசத்தைக் குறைப்பது, இரண்டு ஃபிரேமுக்கு ஒன்றை உறையவைப்பது, சிவப்பின் அடர்த்தியை இறக்குவது. முதல் வழியே போதும், பெரும்பாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. ‘மின்னல் காட்சிகள் வரும்’ என்று எழுத்து ஓட்டிவிட்டு அப்படியே போடுவது குழந்தைகள் சேனலில் செல்லாது. ஆறு வயசுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு எழுந்து போகாது.

செயற்கைக்கோளில் சின்னச் சேனலுக்குக் கிடைக்கிற இடமும் குறைவு. நொடிக்கு 2, 3 மெகாபிட்டில், எம்பெக் 2 முறையில் சுருக்கிய படம். கார்ட்டூனின் தட்டையான நிறம் அதில் எளிதாக அடங்கும், கோட்டோரங்களில் மட்டும் கொசு மொய்ப்பது போல ஒரு நடுக்கம். புகையும் காகிதத் துணுக்கும் பறக்கிற பாட்டு வீடியோ வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். பல சேனல் ஒரே அலைவரிசையைப் பகிரும் இடத்தில், பக்கத்துச் சேனலில் கால்பந்து ஓடினால் உங்கள் பாட்டுக்கு மிச்சம் மீதிதான்.

இந்தியாவில் இந்தக் கலவை ஏன் அவ்வளவாக இல்லை என்று கேட்கலாம். இங்கே மணிக்கு 12 நிமிடம் என்ற வரம்பு கேபிள் விதிகளில் இருக்கிறது, 10 விளம்பரத்துக்கும் 2 சொந்த முன்னோட்டத்துக்கும். ஆனால் குழந்தைகள் நிகழ்ச்சியை நடுவில் வெட்டக் கூடாது என்ற தடை இங்கே இல்லாததால், கொத்துக்குப் பின் ஆளைத் திரும்ப அழைக்கும் வேலை பாட்டுக்கு வரவில்லை. பாறையில் தொங்குகிறவன் இங்கே விளம்பரம் முடியும்வரை தொங்குவான். மொழியும் ஒரு காரணம். ஒரே படத்துக்குத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று பல ஒலித்தடம் ஓட்டுகிற சேனலில் பாட்டு எந்த மொழியில் போடுவது? தமிழுக்கென்றே 2007-இல் வந்த சுட்டி டிவி மாதிரி ஒரு மொழிச் சேனலுக்குத்தான் அந்த வசதி. ஆனால் தமிழில் பாப் பாட்டு என்றால் அது சினிமாப் பாட்டு. அதைக் குழந்தைகள் சேனலுக்கு வடிகட்டினால் மேலே சொன்ன சோதனையில் எத்தனை தேறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உரிமமும் ‘இதைப் போட்டு விளம்பரப்படுத்துங்கள்’ என்ற விலைக்கு வராது.

பிரிட்டனில் பாட்டு ஏன் ஒதுங்கியது? 2005-க்குப் பிறகு யூடியூப் வந்து, பிடித்த பாட்டை வேண்டிய நேரத்தில் பார்க்க முடிந்ததும், பிடிக்காத பாட்டு முடியும்வரை காத்திருக்கும் பொறுமை போய்விட்டது. கார்ட்டூன் பார்க்க வந்த பிள்ளை பாட்டில் ரிமோட்டை எடுக்கும், பாட்டுக்கு வந்த அக்கா கார்ட்டூனில் எடுப்பாள். சேனல் வளர்ந்து நல்ல தொடர்களும் விளம்பரமும் கிடைக்கத் தொடங்கினால் இட்டு நிரப்பச் சந்தும் இருக்காது.

இன்றைக்கு நடத்த முடியுமா என்றால், இணையத்தில் 24 மணி நேரம் ஓடுகிற இலவசச் சேனல்களில் அந்தச் சந்து மறுபடி திறந்திருக்கிறது. அங்கே விளம்பர இடத்தை எஸ்.சி.டி.ஈ. 35 என்ற குறியீட்டால் குறித்து விடுகிறார்கள், சர்வர் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியாக விளம்பரம் செருகும். விளம்பரம் விற்காவிட்டால் ‘சற்று நேரத்தில் திரும்புவோம்’ என்ற அட்டை இரண்டு நிமிடம் நிற்கிறது, நம் பழைய தூர்தர்ஷனின் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ மாதிரி. அந்த அட்டையின் இடத்தில் பாட்டை அடியில் ஓடவிடலாம். விளம்பரம் கிடைத்தால் அது பாட்டை மூடிக்கொள்ளும், கிடைக்காதவருக்குப் பாட்டு தெரியும். இதற்கு மூன்று விஷயம் தேவை. பாட்டுக் கோப்பு எந்த நொடியில் நுழைந்தாலும் எந்த நொடியில் வெளியேறினாலும் உறுத்தாததாக இருக்க வேண்டும், எனவே நீண்ட முன்னிசை உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். 30 நொடியின் மடங்குகளில் பல்லவி விழுகிற மாதிரி வெட்டி வையுங்கள், விளம்பரங்கள் பெரும்பாலும் அந்த நீளத்தில்தான் வரும். உரிமத்தை இணைய ஒளிபரப்புக்கென்று தனியாக எழுதி வாங்குங்கள். தொலைக்காட்சிக்கு வாங்கிய உரிமம் இங்கே செல்லாது, முதல் மாதப் பட்டியல் அனுப்பும்போதே அது வெளியே வந்துவிடும்.